அத்தை மோதரத்துல இருந்த தங்க முடி

உங்க கையில கல்லு வெச்ச மோதரம் எதனா இருக்கா? இருந்தா கழட்டி ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சி பாருங்க. உள்ள இன்னா தெரிது? நூலு மாதிரி, புள்ளி மாதிரி, பொகை மாதிரி எதனா தெரிஞ்சா உடனே மூஞ்ச சுளிக்காதீங்க. நான் சுளிச்சேன். அத தான் சொல்லப்போறேன். கடகடன்னு சொல்லிட்றேன், நின்னு யோசிச்சா சொல்லமாட்டேன்.

அப்ப நான் திருப்பதியில பி.எஸ்சி. ரெண்டாவது வருஷம், ஜியாலஜி. ஹாஸ்டல்ல இருந்தேன். சனிக்கிழமை ஆனா பஸ்ஸு புடிச்சி சித்தூருக்கு வூட்டுக்கு ஓடியாந்துடுவேன். கிளாஸ் பூரா பசங்க, பொண்ணுங்க நாங்க ரெண்டே பேரு. அதனாலயே எனக்கு ஒரு பந்தா. பஸ் ஸ்டாண்டுல கெடக்கற ஜல்லிய எடுத்து, "இது கிரானைட்டு, இந்த ரோஸ் கலர் கீது பாரு, அது பெல்ஸ்பார்"னு பக்கத்துல நிக்கறவங்கள கூட வுடமாட்டேன். அம்மா அரிசியில கல்லு பொறுக்குனா கிட்ட குந்திக்கினு ஒவ்வொரு கல்லுக்கும் பேரு சொல்லுவேன். "பேரு வெச்சது போதும், பொறுக்குடீ"ன்னு அம்மா கத்தும்.

என்ன அந்த படிப்புல சேத்தது அத்தை. நைனாவோட தங்கச்சி. எங்ககூட தான் இருந்துச்சி, மிஷன் ஆஸ்பத்திரியில நர்ஸு. நைனா ஸ்கூல் வாத்தியாரு, அவருக்கு நான் டீச்சர் டிரெயினிங் போவணும்னு ஆசை. "பொட்டப்புள்ளைக்கு கல்லு மண்ணு படிப்பு இன்னாத்துக்கு"ன்னாரு. அத்தை தான், "அண்ணா, அவ ஒண்ணும் ரோடு போட போவல. படிக்கட்டும் வுடு"ன்னு சொல்லி என்ன கையோட கூட்டிக்கினு போயி சேத்துச்சி. சேந்த அன்னிக்கே பத்து மடங்கு பெருசா காட்ற மடக்கு லென்ஸு ஒண்ணு வாங்கி குடுத்துச்சி. அத கயித்துல கட்டி கழுத்துல மாட்டிக்கினு திரிவேன். டாக்டருக்கு ஸ்டெத்து, எனக்கு இது.

அத்தைக்கு அப்ப முப்பத்தெட்டு வயசு. கல்யாணம் ஆவல. வர்ற வரன் எல்லாம் முதல்ல வேலைய வுடச்சொல்லும். அத்தை, "ஊசி போடறத வுட்டுட்டு ஊதுபத்தி மாதிரி வூட்டு மூலையில நிக்கணுமா"ன்னு கேக்கும். கேட்டுக்கேட்டு ஒரு கட்டத்துல வரன் வர்றதே நின்னு பூட்ச்சி. நைனா அத பத்தி பேசறத வுட்டுட்டாரு. அம்மா மட்டும் எப்பனா பெருமூச்சி வுடும்.

அப்ப தான் அவரு வந்தாரு. நாயுடுபேட்டைக்கு அந்தாண்ட கூடூரு பக்கம் மைக்கா, அதான் காக்காப்பொன்னு, எடுக்கற குழியில மேஸ்திரி. அவரோட அக்கா எங்க சபை தான், சித்தூர்ல இருக்காங்க. குழியில பாறை உருண்டு இடது கை ரெண்டு வெரலு நசுங்கிப்போயி, அக்கா வூட்டுக்கு வந்து எங்க அத்தை வார்டுல படுத்தாரு. வெரல வெட்டாம காப்பாத்திட்டாங்க. தெனம் கட்டு பிரிச்சி மருந்து வெக்கறது அத்தை. மூணு வாரத்துல வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆனா மனுஷன் வந்துக்கினே இருந்தாரு. ரெண்டு பஸ்ஸு மாறி, அவ்ளோ தூரத்துலேர்ந்து.

வூட்ல ஒரே சிரிப்பு. அம்மா கேக்கும், "ஏம்மா, அவரு காயம் ஆறி ஆறு மாசம் ஆச்சே, இன்னும் கட்டு கட்டிக்க வராராமே?"

அத்தை, "தழும்பு அரிக்குதாம் அண்ணி"ன்னும்.

"அரிக்கும், அரிக்கும்."

அவரு எங்க வூட்டுக்கு பேச வந்தப்ப நைனா கேட்ட முதல் கேள்வியே வேலைய பத்தி தான். அவரு கைய பாத்துக்கினே சொன்னாரு: "அவங்க டூட்டிக்கு போவட்டும் வாத்தியாரே. சோறு நான் ஆக்குவேன். இருவது வருஷமா குழியில நானே தான் ஆக்கி துன்னுக்கினு இருக்கேன். கொழம்பு கொஞ்சம் காரமா இருக்கும், அவ்ளோ தான்." கதவுக்கு பின்னாடி நின்ன அத்தைய நான் பாத்தேன். அந்த மாதிரி ஒரு மூஞ்சிய அதுக்கு முன்னாடி அத்தைகிட்ட பாத்ததில்ல.

நிச்சயத்துக்கு அவரு போட்ட மோதரம் வெள்ளி. அதுல அவரைக்கொட்டை சைஸுக்கு ஒரு கல்லு. தண்ணி மாதிரி கல்லு தான், ஆனா உள்ள தங்க கலர்ல முடி முடியா ஓடும். வைக்கோல் பிரிய அவுத்து தண்ணியில போட்டா மாதிரி. தூரத்துலேர்ந்து பாத்தா மஞ்சளா தெரியும், கிட்ட வந்தா தான் முடி தெரியும். அத்தை அத திருப்பி திருப்பி பாத்துக்கினே இருந்துச்சி. வார்டுல மோதரம் போடக்கூடாதுன்னு ரூலு, அதனால டூட்டிக்கு போறப்ப கழட்டி ரவிக்கைக்குள்ள முடிஞ்சி வெச்சிக்கும்.

எங்க சபையில கல்யாணம்னா மூணு ஞாயிறு ஓலை வாசிக்கணும். இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும் கல்யாணம் நடக்க இருக்கு, தடை சொல்ல காரணம் எதனா இருந்தா சொல்லலாம்னு பாஸ்டர் ஐயா ஆராதனை நடுவுல படிப்பாரு. மூணு வாட்டி படிச்சா தான் தாலி. முதல் ஓலை படிச்ச அன்னிக்கி அத்தை காதெல்லாம் செவந்து குனிஞ்சிக்கினு இருந்துச்சி, பின்னாடி பெஞ்சில யாரோ "நர்ஸம்மாவுக்கா!"ன்னு சொன்னது எங்க வரைக்கும் கேட்டுது.

ஆராதனை முடிஞ்சி வெளிய வந்தோம். கேட்டாண்ட கொயர் பொம்பளைங்க அத்தைய சூழ்ந்துக்கினு மோதரத்த காட்டு காட்டுன்னாங்க. எல்லாரும் பாத்து நல்லாருக்குன்னு சொல்லிக்கினு இருந்தாங்க. அதோட நின்னிருக்கலாம். நான் கூட்டத்த வெலக்கிக்கினு உள்ள பூந்தேன்.

"இருங்க இருங்க, எக்ஸ்பர்ட் வந்தாச்சி."

லென்ஸ பிரிச்சி, அத்தை கைய புடிச்சி, ஒரு கண்ண மூடிக்கினு பாத்தேன். அந்த வாரம் தான் கிளாஸ்ல ரத்தினக்கல்லு பாடம் ஆரம்பிச்சிருந்தாங்க. கல்லு உள்ள வேற பொருள் மாட்டிக்கினு இருந்தா அதுக்கு பேரு இன்க்ளூஷன், அது இருந்தா மதிப்பு கொறையும். அவ்ளோ தான் எனக்கு தெரியும். அடுத்த பக்கத்த நான் திருப்பவே இல்ல.

"அத்த, இது சாதா குவார்ட்ஸு. ரோட்டு ஜல்லியில இருக்குமே, அது. அதுலயும் ஃபால்ட்டு பீஸு. உள்ள ஒரே குப்பை."

"குப்பைன்னா?" ஒரு பொம்பளை கேட்டுச்சி.

"குப்பைன்னா குப்பை. இன்க்ளூஷன். நல்ல கல்லுன்னா உள்ள ஒண்ணுமே இருக்கக்கூடாது. சுத்தமா இருக்கணும்."

இன்னொருத்தங்க சிரிச்சிட்டாங்க. "மைக்கா மேஸ்திரி குடுத்தா மண்ணு தான இருக்கும்!"

"இல்லடீ, பாவம், அவர யாரோ ஏமாத்திக்கீறாங்க. கடைக்காரன் தலையில கட்டிட்டான்."

"இத்தினி வருஷம் காத்துக்கினு இருந்து கடைசியில ரோட்டு ஜல்லியா நர்ஸம்மா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் தான். என் ஜோக்குக்கு கூட்டம் சேந்துடுச்சேன்னு ஜோரா சிரிச்சேன். அத்தையும் சிரிச்சுது. ஆனா கைய மூடிக்கிச்சி. வூடு வர்ற வரைக்கும் அந்த கைய தொறக்கல.

சாயங்காலம் நான் திருப்பதி பஸ்ஸுக்கு கெளம்பிக்கினு இருக்கறப்ப அத்தை என்ன சமையக்கட்டு பக்கம் கூப்புட்டுச்சி. மோதரம் ஒரு கைக்குட்டையில சுத்தி இருந்துச்சி.

"பாப்பா, நெசமாவே அது கெட்ட கல்லா?"

"அத்த, நான் இன்னா பொய்யா சொல்றேன்? லென்ஸ்ல பாத்தேனே."

"அவருக்கு அசிங்கம் ஆயிடக்கூடாதுடீ. கல்யாணத்தன்னிக்கி எல்லாரும் இதயே பாத்து சிரிப்பாங்க. அவருக்கும் தெரிய வேணாம், பாவம், ஆசையா குடுத்தாரு. அதே சைஸு, அதே கலரு, சுத்தமா ஒண்ணு பாத்து மாத்திக்கினு வா. உனக்கு தான் தெரியும்."

உனக்கு தான் தெரியும். அது சொன்னப்ப எனக்கு ஒடம்பு ரெண்டு இன்ச்சு உப்பிச்சி. அத இப்ப நெனச்சா தலைய கொண்டுபோயி எதுலயாவது முட்டிக்கலாம் போல இருக்கு.

திருப்பதியில கோவிந்தராஜர் கோயிலுக்கு பின்னாடி சந்துல கல்லு பதிக்கறவரு ஒருத்தரு இருந்தாரு. சின்ன பெட்டிக்கடை, ஒரு மரப்பலகை, ஒரு பல்பு. போனேன். மோதரத்த வாங்கி பல்புக்கு கீழ புடிச்சாரு. அப்பறம் இன்னும் கொஞ்சம் கிட்ட புடிச்சாரு.

"இதி எந்துக்கு மார்ச்சாலம்மா?" இத எதுக்கு மாத்தணும்னு கேக்கறாரு.

"லோபல அந்தா செத்தே கதா"ன்னேன், உள்ள பூரா குப்பை தானன்னு. எனக்கு தெலுங்குலயும் வாய் நீளம்.

"செத்த காதம்மா. ஆ தீகலே அந்தம்." குப்பை இல்லியாம். அந்த கம்பிங்க தான் அழகாம். அப்பறம் தமிழ்லயே சொன்னாரு: "இந்த மாதிரி ரொம்ப வராது பாப்பா. வூட்ல பெரியவங்கள ஒரு வார்த்த கேட்டுக்கினு வா."

எனக்கு சுர்ருன்னுச்சி. பொண்ணு தான வந்துக்கீறா, கதை வுடலாம்னு பாக்கறான்னு நெனச்சேன். லென்ஸ எடுத்து பலகை மேல டொக்குன்னு வெச்சேன். "நான் ஜியாலஜி படிக்கிறேன். எங்கிட்டயே ரீல் வுடாதீங்க. சுத்தமான கல்லு இருந்தா காட்டுங்க, இல்லன்னா பக்கத்து கடைக்கு போறேன்."

அவரு என்ன பாத்தாரு, லென்ஸ பாத்தாரு. "சுத்தமா தான வோணும்?"னு சொல்லி ஒரு தகர டப்பாவ தொறந்து நாலஞ்சி மஞ்சக் கல்லு கொட்டுனாரு. ஒண்ணொண்ணா லென்ஸ்ல பாத்தேன். உள்ள ஒண்ணுமே இல்ல. ஒரு தூசி இல்ல, ஒரு கோடு இல்ல. கண்ணாடி மாதிரி. சூப்பர்னு ஒண்ண எடுத்தேன். மண்ணுக்குள்ள வளந்த கல்லுல ஒண்ணுமே இல்லாம இருந்தா தான் சந்தேகப்படணும், ஃபாக்டரியில செஞ்சது தான் அப்படி இருக்கும்னு அப்பறமா தெரிஞ்சிக்கினேன். பழைய கல்ல நான் திருப்பி கேக்கல. அவரும் பதிக்கற கூலிய கேக்கல. அதுலயாவது எனக்கு ஒறைச்சிருக்கணும்.

அடுத்த ஞாயிறு ரெண்டாவது ஓலை. அவரு விடிகாலை பஸ்ஸுல கெளம்பி காளஹஸ்தி, திருப்பதின்னு மாறி மாறி ஆராதனைக்கு நேரத்துக்கு வந்துட்டாரு. வெள்ளை சட்டை, எண்ணெய் தடவி வாருன தலை. ஓலை படிக்கறப்ப முன்னால பாத்துக்கினு வெறப்பா நின்னாரு. முடிஞ்சதும் எங்க வூட்ல சாப்பாடு. கோழிக்கொழம்பு. நைனா, அவரு, நான் மூணு பேரும் வரிசையா குந்திக்கினு இருந்தோம். அம்மா உள்ள வறுவலு வறுத்துக்கினு இருந்துச்சி, அத்தை பரிமாறுச்சி.

ரசம் ஊத்தறப்ப அவரு கண்ணு மோதரத்து மேல நின்னுது.

"அந்த கைய கொஞ்சம் காட்டுங்க."

"ரசம் ஆறிடும், சாப்புடுங்க."

"ஒரு நிமிஷம். வெளிச்சத்துல காட்டுங்க."

அத்தை கைய நீட்டுச்சி. அவரு தொடல. தலைய இப்படி சாச்சி பாத்தாரு, அப்படி சாச்சி பாத்தாரு. தொலைஞ்ச ஊசிய பாயில தேடறவங்க மாதிரி தேடுனாரு.

"உள்ள இருந்தது எங்க?"

நைனா, "இன்னா உள்ள?"ன்னாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது.

நான் வாய் நெறைய கோழி துன்னுக்கினு இருந்தேன். அந்த வாய தொறந்து, நான் தான், என் வேலை தான்னு நாலு வார்த்தை சொல்லியிருந்தா போதும். சொல்லணும்னு தான் முழுங்குனேன். முழுங்கி முடிக்கறதுக்குள்ள அத்தை சொல்லிடுச்சி.

"கல்ல மாத்திட்டேன்."

"நீங்களா?"

"ஆமா. கொஞ்சம்... சுத்தமா இருக்கட்டும்னு."

அவரு தலைய ஆட்டுனாரு. இலையில இருந்த சோத்த ஒரு பக்கமா ஒதுக்குனாரு. அப்பறம் யாரயும் பாக்காம, சாதாரணமா, பஸ்ஸு எத்தினி மணிக்குன்னு சொல்றா மாதிரி சொன்னாரு. "பத்தொம்பது வயசுல குழிக்கு போன மொத வாரம் எடுத்தது. மைக்காவ எடுத்துக்கினு மிச்சத்த கொட்டுவாங்க இல்ல, அந்த குப்பைமேட்டுல. கையில எடுத்தப்ப வெயிலு பட்டுச்சி, உள்ள தங்கம் கெடக்குன்னு நெனச்சிட்டேன். தங்கம் இல்லன்னு தெரிஞ்சப்பறமும் வுட மனசு வரல. ஆபீசர் ஒருத்தரு கேட்டாரு. குடுக்கல. யாருக்கும் குடுக்கல." மோதரத்த மறுபடி பாத்தாரு. "பழைய கல்லு இருக்கா?"

அத்தை என்ன பாத்துச்சி. ஒரு செகண்டு தான். கோவமா பாக்கல, கல்லு எங்கடீன்னு தான் பாத்துச்சி. நான் இலைய பாத்தேன்.

"கடையிலயே வுட்டுட்டேன்"னு அத்தை சொல்லிச்சி.

"ஓ"ன்னாரு. மிச்ச சோத்த துன்னாரு. ஒரு பருக்கை வெக்கல. கைய கழுவிக்கினு, அம்மாகிட்ட கொழம்பு நல்லாருந்துச்சின்னு சொல்லி, நைனாவுக்கு தோத்திரம் சொல்லி, மூணு மணி பஸ்ஸுக்கு போயிட்டாரு. கேட்ட தொறந்தவரு திரும்பி கொக்கிய ஒழுங்கா மாட்டிட்டு போனாரு.

சனிக்கிழமை நான் வூட்டுக்கு வந்தப்ப நைனா கையில அவரு போட்ட இன்லேண்ட் லெட்டர். அவங்களுக்கு மனசில்லாம கட்டாயப்படுத்த வேணாம், என் பொருளு அவங்க கண்ணுக்கு நிக்கல, நானும் நிக்கமாட்டேன், மூணாவது ஓலை வேணாம்னு ஐயாகிட்ட சொல்லிடுங்க. அவ்ளோ தான் இருந்துச்சி. நைனா, "இன்னா பொருளு? யாரு இன்னா சொன்னா?"ன்னு வூடு பூரா நடந்துக்கினு இருந்தாரு. அத்தை துணி மடிச்சிக்கினு, "எனக்கும் அவருக்கும் ஒத்துவரல, வுடு அண்ணா"ன்னு சொல்லிச்சி. அப்பவும் நான் அங்க தான் நின்னுக்கினு இருந்தேன். அப்பவும் வாய் இருந்துச்சி.

ஞாயிறு சர்ச்சுல ஓலை நேரம் வந்துச்சி. பாஸ்டர் ஐயா வேற ஒரு ஜோடிக்கு படிச்சாரு. படிச்சிட்டு புஸ்தகத்த மூடுனாரு. பெஞ்சி பெஞ்சா தலைங்க திரும்புச்சி. கொயர்ல ரெண்டாவது வரிசையில அத்தை நின்னுக்கினு இருந்துச்சி. அடுத்த பாட்டுக்கு நம்பர் சொன்னாங்க, அத்தை பக்கத்த திருப்பி பாட ஆரம்பிச்சிடுச்சி. சுருதி கூட தப்பல. கேட்டாண்ட முதல் ஓலை அன்னிக்கி சிரிச்சவங்க இந்த வாரம், "அந்தாளு எப்படியோ போவட்டும் நர்ஸம்மா, குப்பைக்கல்ல குடுத்தவன் தான"ன்னு ஆறுதல் சொன்னாங்க. என் வார்த்தை அவங்க வாயில. கேக்க கேக்க எனக்கு காது கொதிச்சிது.

வூட்டுக்கு வந்து அத்தைகிட்ட போனேன். "அத்த, நீ ஒரு லெட்டர் போடு. நான் தான் மாத்துனேன்னு எழுது. இல்லன்னா நான் எழுதட்டுமா?"

அத்தை ரொம்ப சாதாரணமா கேட்டுச்சி: "இன்னான்னு எழுதறது? எங்க வூட்டு பொண்ணு உங்க கல்ல குப்பைன்னு சொல்லிச்சின்னா? இல்ல, நான் அத நம்பிட்டேன்னா?"

அத்தை என் புஸ்தகப்பைய எடுத்து எங்கிட்ட நீட்டுச்சி.

"பாத்த அன்னிக்கி எனக்கு அழகா தான்டீ இருந்துச்சி. என் கண்ண நான் நம்பல. அவரு அத தான சொல்றாரு. போ, உனக்கு பரீட்சை வருதே, படி."

திட்டியிருந்தா தாவல. ஒரு அறை குடுத்திருந்தா இன்னும் தாவல.

படிச்சேன். அது தான் கொடுமை. பரீட்சைக்கு அந்த பாடத்த எடுத்து, நான் திருப்பாம வுட்ட பக்கத்த திருப்புனேன். உள்ள வேற பொருள் இருந்தா மதிப்பு கொறையும், ஆனா எல்லா நேரத்துலயும் இல்லன்னு முதல் வரியிலயே இருக்கு. வைடூரியத்துல பூனைக்கண்ணு மாதிரி ஒரு கோடு ஓடுதே, அது உள்ள இருக்கற மெல்லிசு நாராலயும் குழலாலயும் வர்றது. சில மாணிக்கத்துல ஆறு காலு நட்சத்திரம் வருதே, அதுவும் உள்ள கெடக்கற பட்டு மாதிரி ஊசிங்களால தான். மரகதத்துக்குள்ள பாசி படிஞ்சா மாதிரி இருந்தா அத தோட்டம்னே சொல்றாங்க. கல்லா இறுகிப்போன மரப்பிசின்ல கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி மாட்டிக்கின எறும்புக்காக அந்த பிசின தேடி வாங்கறாங்க. கடைசியா குவார்ட்ஸு: உள்ள ரூட்டைல்னு ஒரு தாது தங்க முடி மாதிரி இருந்தா அதுக்கு தனி மதிப்பு. முடி முதல்ல வளந்து நிக்கும், கல்லு அத சுத்தி அப்பறமா வளந்து மூடிக்கும்.

பிராக்டிகல் அன்னிக்கி லெக்சரர் அந்த மாதிரி ஒரு துண்ட கொண்டாந்து கை மாத்தி கை மாத்தி காட்டுனாரு. பக்கத்துல இருந்தவ, "ஏய், எவ்ளோ அழகுடீ"ன்னா. எங்கிட்ட வந்தப்ப நான் லென்ஸ பிரிக்கவே இல்ல. அத்தை கல்லோட அழகுல பாதி கூட அதுக்கு இல்ல. பாத்ரூம் போவணும்னு சொல்லிட்டு வெளிய ஓடிட்டேன்.

அன்னிக்கி சாயங்காலமே சந்துக்கு போனேன். கல்லு பதிக்கறவரு என்ன பாத்ததும் அடையாளம் கண்டுக்கினாரு. நான் கேக்கறதுக்கு முன்னாடியே கைய விரிச்சாரு. மலையிலேர்ந்து மொட்டை போட்டுக்கினு எறங்கி வந்த வடக்கத்தி ஆளு ஒருத்தரு, பலகையில கெடந்தத பாத்து, பேரம் கூட பேசாம வாங்கிக்கினு போயிட்டாராம். ஊரு தெரியாதாம். "நான் அப்பவே சொன்னேனே பாப்பா"ன்னாரு. நக்கலா இல்ல. உண்மையாவே வருத்தமா சொன்னாரு. அந்த மனுஷன தான் நான் திருடன பேசறா மாதிரி பேசிட்டு வந்தேன்.

கல்லு போச்சி, சரி, ஆளயாவது புடிச்சி சொல்லிடலாம்னு ஒரு நாளு கிளாஸ கட் பண்ணிட்டு பஸ்ஸு ஏறுனேன். காளஹஸ்தி தாண்டற வரைக்கும் ஒத்திகை பாத்துக்கினே போனேன். மாமான்னு கூப்புடறதா, அண்ணன்னு கூப்புடறதா, அதுலயே பாதி தூரம் போயிடுச்சி. நாயுடுபேட்டையில எறங்கி, அவரு குழியோட மைக்கா ஷெட்டு எங்கன்னு விசாரிச்சி போனேன். பெரிய கொட்டாய். பொம்பளைங்க வரிசையா குந்திக்கினு கத்தியால மைக்காவ ஏடு ஏடா பிரிச்சிக்கினு இருந்தாங்க. தரையெல்லாம் பளபளன்னு, நடுவுல குந்திக்கினு இருந்த அவரு சட்டையெல்லாம் பளபளன்னு.

என்ன பாத்ததும் எழுந்து வந்தாரு. ஒரு ஸ்டூல தொடைச்சி போட்டாரு. சோடா வாங்கியாற சொன்னாரு.

"அத்தை நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க."

"டூட்டி அதே வார்டு தானா?"

"அதே வார்டு தான்."

அப்பறம் அங்கயே நின்னாரு. நின்னுக்கினே இருந்தாரு. நான் இவ்ளோ தூரம் சொம்மா வரமாட்டேன்னு அவருக்கு தெரியாதா? எதனா சொல்லுன்னு காத்துக்கினு இருந்தாரு. மைக்கா பிரிக்கற பொம்பளைங்கள்ல ஒருத்தி, "மேஸ்திரி, யாரு, புதுசா பேசிக்கினு இருக்கற பொண்ணு வூட்டு ஆளா?"ன்னு தெலுங்குல கேட்டா. அவரு, "காது, காது", இல்ல இல்லன்னு கைய அசைச்சாரு. மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சி. அப்பறம் எங்கிட்ட மெதுவா, "அக்கா பாத்துக்கினு இருக்காங்க. இன்னும் ஒண்ணும் முடிவாவல"ன்னாரு.

இன்னும் முடிவாவல. அத காதால கேட்டேன். நாக்கு நுனியில எல்லாம் ரெடியா இருந்துச்சி.

"இல்ல... எங்க காலேஜ்ல கல்லு கலெக்ஷன் செய்ய சொல்லிக்கீறாங்க. இங்க ஸ்பெசிமன் எதனா கெடைக்குமான்னு கேக்க வந்தேன்."

என் வாய்லேர்ந்து தான் வந்துச்சி. நானே கேட்டேன்.

அவரு என்ன பாத்தாரு. "ஸ்பெசிமனா"ன்னாரு. "கெடைக்கும், கெடைக்கும்." உள்ள போயி ஒரு கோணிப்பை எடுத்தாந்தாரு. மைக்கா ஏடு, குவார்ட்ஸு, கறுப்பு டூர்மலின், ஒவ்வொண்ணையும் தனித்தனியா பேப்பர்ல சுத்தி, உள்ள ஒடையாம இருக்க வைக்கோல் வெச்சி கட்டி குடுத்தாரு. நசுங்குன ரெண்டு வெரலு மடங்காது, அத ஓரமா நீட்டிக்கினே முடிச்சி போட்டாரு. பஸ்ஸு வரைக்கும் தூக்கியாந்து சீட்டுக்கு கீழ தள்ளி வெச்சாரு. "நல்லா படிம்மா"ன்னாரு.

அந்த கலெக்ஷனுக்கு எனக்கு இருவத்தஞ்சிக்கு இருவத்திமூணு. கிளாஸ்லயே நான் தான் ஃபர்ஸ்டு.

அவருக்கு அடுத்த மாசமே நிச்சயம் ஆச்சி, அவரோட அக்கா மிட்டாயி கொண்டாந்து குடுத்தாங்க. அத்தை ஒண்ணு எடுத்து வாயில போட்டுக்கினு, "பொண்ணு எந்த ஊரு?"ன்னு கேட்டுச்சி. நான் நாயுடுபேட்டைக்கு போனது, அவரு நின்னுக்கினு இருந்தது, இன்னும் முடிவாவலன்னு சொன்னது, எதுவும் நான் அத்தைகிட்ட சொல்லல. நைனாகிட்டயும் சொல்லல. டிகிரி முடிச்சி ரெண்டு வருஷம் ஆவுது. தெனம் ராத்திரி ஒண்ணா தான் சாப்புடறோம்.

அத்தை இப்ப ஃபீமேல் வார்டுல டூட்டியில கீது, ரெண்டு மணிக்கு முடியும், அது வர்றதுக்குள்ள உங்ககிட்டயாவது சொல்லிடலாம்னு தான்.